80 பேருக்கு ஒரே நாளில் பாதுகாப்புப் பயிற்சி: அது போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சிப்காட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலைக்குள் விரிவாக்க ஷெட்டும் அதையொட்டி இரண்டு மாடி அலுவலகமும் கட்டும் துணை ஒப்பந்தக்காரர் நீங்கள். ஆட்கள் 80 பேர், பாதிக்கு மேல் பீகார், ஒடிசாக்காரர்கள். எல்லாருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, கையெழுத்து வாங்கி, போட்டோவுடன் ரெக்கார்ட் கொடுத்தால்தான் கேட் பாஸ் என்கிறது கம்பெனி. ஒரே நாளில் என்ன சொல்லிக்கொடுப்பது, வெளியிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டுமா, இவ்வளவு செய்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

கேட் பாஸ் வாங்க அது போதும். விபத்தைத் தடுக்கப் போதாது. காலை ஒன்பது மணிக்கு 80 பேரை ஷெட்டுக்குள் உட்கார வைத்து, புரொஜெக்டரில் 120 ஸ்லைடு ஓட்டி, கடைசியில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்பும் பயிற்சிகளை நிறையப் பார்த்தாயிற்று. அடுத்த நாள் காலை அதே ஆள் அதே திறந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றுதான் கம்பி கட்டுவார். அவர் மறந்துவிட்டார் என்பதில்லை. அந்த ஓட்டை அங்கேயே திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. 2006-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழ் ஒன்றில் 95 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வெளிவந்தது. கேட்டுவிட்டுப் போகும் வகுப்பைவிட, கையால் செய்து பழகும் பயிற்சிதான் அதிகம் பலன் தருகிறது என்பது அதன் முடிவு. 2012-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, பயிற்சியால் வேலை செய்யும் முறை மாறுகிறது என்று உறுதியாகச் சொன்னது. ஆனால் பயிற்சி மட்டுமே காயங்களைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. பயிற்சி நடத்திப் பிழைப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விளம்பரத்தில் போடுவதில்லை.

பயிற்சிக்கு எட்டாத ஆபத்தும் உண்டு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் ஆந்திரா, ஒடிசா பக்கம் இருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள். அவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தாலும் பயிற்சி பெற்றிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆகவே வகுப்புக்குத் தேதி குறிக்கும் முன் உங்கள் சைட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஸ்லாபில் விட்ட கட்-அவுட், லிஃப்ட் குழி, படிக்கட்டு ஓரம், சாரத்தின் கைப்பிடி, தற்காலிக மின் பெட்டி ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். லிஃப்ட் குழிக்கு நாலு பைப் கட்டி இடுப்பளவு உயரத்தில் தடுப்புப் போட ஒரு வெல்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஜாக்கிரதையாக இருங்கள் என்று 80 பேரிடம் சொல்ல அதைவிட அதிக நேரமாகும், பலனும் குறைவு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1996-ம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி 500 பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைக் கட்டுமானத்தில் 250 ஆகக் குறைத்திருக்கிறது. உங்கள் 80 பேர் இரண்டுக்குமே எட்டாத இடத்தில் இருக்கிறார்கள். அலுவலர் வைக்க வேண்டாம் என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. ஆபத்தில்லாத பணியிடம் தருவது ஆள் எண்ணிக்கை பார்க்காமல் முதலாளியின் கடமை. பெரிய கம்பெனிகளின் சைட்டில் பச்சை சட்டை போட்ட சேஃப்டி ஆபிசர் நாலு பேர் சுற்றுவார்கள். உங்கள் சைட்டில் அந்த ஆள் நீங்கள்தான், நீங்கள் இல்லாத நேரத்தில் மேஸ்திரி.

அந்த மேஸ்திரியிடம்தான் பயிற்சி தொடங்க வேண்டும். உங்களிடம் ஐந்தாறு மேஸ்திரிகள் இருப்பார்கள்: கொத்து வேலைக்கு, கம்பிக்கு, சென்ட்ரிங்குக்கு, ஷீட்டுக்கு, எலெக்ட்ரிக்கலுக்கு. கையில் உள்ள ஒரு நாளில் பாதியை இவர்களுக்கே ஒதுக்குங்கள். சித்தாள் யார் பேச்சைக் கேட்பார்? கூலி கொடுப்பவர், நாளைக்கு வேலைக்கு வா, வராதே என்று சொல்பவர் பேச்சை. பயிற்சியாளர் சேஃப்டி பெல்ட் மாட்டு என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போவார். சீக்கிரம் முடி என்று மேஸ்திரி நாள் முழுக்கச் சொல்வார். எது நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மேஸ்திரிக்கு நீங்கள் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் சிக்கல் இன்னும் ஆழம். பெல்ட் கொக்கியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு நேரம் போகிறது, நேரம் போனால் காசு போகிறது. சாரம் கட்டுவது, தடுப்பு வைப்பது, காலைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ரேட்டில் தனியாகத் தொகை போடுங்கள். அதைச் செய்யாமல் எவ்வளவு வகுப்பு எடுத்தாலும், உங்கள் ரேட் சொல்வதைத்தான் ஆட்கள் கேட்பார்கள்.

இனி என்ன சொல்லிக்கொடுப்பது என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். உங்கள் வேலையில் ஆளைக் கொல்லக்கூடியவை எவை என்று பாருங்கள், ஏழெட்டுக்கு மேல் தேறாது. விரலில் சுத்தியல் படுவதற்கும் கூரையிலிருந்து விழுவதற்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கும் பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

முதலில் கூரை. விரிவாக்க வேலை என்றால் பழைய ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பிரித்துப் புதுசோடு சேர்க்க வேண்டியிருக்கும். தொழிற்சாலைகளில் உயரத்திலிருந்து விழும் சாவுகளில் இது திரும்பத் திரும்ப வரும் கதை. பழைய ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. போல்ட் வரிசையில் கால் வைத்தால் கீழே பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கிறது, தாங்கும் என்று பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு அடி தவறினால் அந்த அறிவுரை ஆளைக் கொன்றுவிடும். அதைவிட மோசம், வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட். வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும், மேலே தூசி படிந்து பக்கத்து ஷீட்டின் நிறத்திலேயே கிடக்கும். ஷீட் மேல் நேரடியாக யாரும் கால் வைக்கக் கூடாது. இரண்டு பர்லினையாவது தாண்டி நிற்கும் ஏணிப்பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும், கீழே வலை கட்ட வேண்டும். முடிந்தால் கீழிருந்து லிஃப்ட் மேடையில் ஏறிப் பிரிப்பது இன்னும் நல்லது. இதை வாயால் சொல்ல வேண்டாம். கழற்றிய பழைய ஷீட் ஒன்றைத் தரையில் இரண்டு கட்டைக்கு நடுவில் வைத்து, ஒரு மூட்டை சிமென்டை இடுப்பு உயரத்திலிருந்து அதன் மேல் போட்டுக் காட்டுங்கள். ஷீட்டை முதலில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், ஆட்களைத் தள்ளி நிற்க வையுங்கள், ஏனென்றால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அந்தச் சத்தம் எல்லா மொழிக்காரருக்கும் புரியும்.

அடுத்தது பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் இருந்தால் இன்றைக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள். யாராவது வீணாகிறதே என்று எடுத்து வைப்பார்கள், அதனால்தான் வெட்டச் சொல்கிறேன். முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதை மாட்டத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். மாட்டச் சொல்லிப் பாருங்கள், கால் பட்டை தொங்கும், கொக்கி சொந்தத் தோளிலேயே மாட்டியிருக்கும்.

பெல்ட் விஷயத்தில் பெரும்பாலான பயிற்சிகள் சொல்லாமல் விடும் ஒரு கணக்கு இருக்கிறது. கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியை உறிஞ்சும் பொதி பிரிந்து நீளும், அது 1.75 மீட்டர் வரை போகலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். பாதுகாப்புக்கு இன்னும் ஒரு மீட்டர். கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஆறு மீட்டர் காலி இடம் வேண்டும். உங்கள் அலுவலகக் கட்டடத்தின் முதல் தளம் தரையிலிருந்து மூன்று, மூன்றரை மீட்டர்தான். அங்கே கால்மட்டத்தில் கொக்கியை மாட்டி நிற்பவர் விழுந்தால், பெல்ட் இழுத்துப் பிடிக்கும் முன்பே தரையில் இருப்பார். போட்டோவில் பெல்ட் தெரியும், ரெக்கார்டும் சுத்தமாக இருக்கும். இத்தனை குறைந்த உயரத்தில் பெல்ட்டை நம்பாமல் கைப்பிடித் தடுப்பையும் மேடையையும் நம்புங்கள். பெல்ட்தான் கதி என்றால் கொக்கி தலைக்கு மேலே இருக்க வேண்டும், கயிறு குட்டையாக இருக்க வேண்டும். மேஸ்திரிகளை டேப்புடன் அழைத்துப் போய் ஒவ்வொரு இடத்திலும் இந்த ஆறு மீட்டரை அளக்க வையுங்கள். அரை நாள் வகுப்பில் கற்பதை அரை மணியில் கற்றுவிடுவார்கள்.

விழுந்தவர் பெல்ட்டில் தொங்கினால் யார் இறக்குவது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அசையாமல் தொங்கும்போது ரத்தம் கால்களில் தேங்கும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. ஏணி எங்கே, யார் எடுத்து வருவார், யார் ஏறுவார் என்று ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒருமுறை விழுந்து தாங்கிய பெல்ட்டையும் கயிற்றையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இப்போது எனக்கு அதிகக் கோபம் வரும் விஷயம்: சம்ப். புதுக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டி, மேலே ஸ்லாப் போட்டு, மூன்று நான்கு வாரம் மூடி வைத்துவிட்டு, உள்ளே சென்ட்ரிங் பலகை பிரிக்க ஒருவரை இறக்குகிறோம். அது சாக்கடை இல்லை, நாற்றம் இல்லை, புத்தம் புதுத் தொட்டி, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஈரத்தில் ஊறிய பலகையும் முட்டுக் கம்பும் அழுகத் தொடங்கி உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்றிருக்கும். சாதாரணக் காற்றில் அது 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது. பத்துக்குக் கீழே போனால் மூச்சுத் திணறுகிறது என்று உணரக்கூட நேரம் இருக்காது, ஆள் சுருண்டு விழுவார். மேலே நிற்பவர் ஏதோ வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தூக்க இறங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், பல சமயம் அண்ணன், தம்பி, மச்சான். இப்படி அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. நம் ஊர்ச் செய்தித்தாளைப் புரட்டினால் இன்றைக்கும் அதே வரிசைதான்.

கழிவுநீர்த் தொட்டி என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்ப்பதை நம்பாதீர்கள். அளவு கூடும்போது அந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைக்கும், நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று தோன்றும். மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும், விஷவாயு இருந்தால் மெழுகுவத்தி எரிந்துகொண்டேதான் இருக்கும். நான்கு வாயு காட்டும் மீட்டரை வாடகைக்கு எடுங்கள், ஊதும் ஃபேன் வையுங்கள், மேலே மூன்று கால் ஸ்டாண்ட் நிறுத்தி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில் ஆளைக் கட்டி இறக்குங்கள், அப்போது உள்ளே யாரும் போகாமலே தூக்கிவிடலாம். இவை இல்லை என்றால் இறங்கக் கூடாது. 80 பேருக்கும் சொல்ல வேண்டியது ஒரே வரி: உள்ளே விழுந்தவர் உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இறங்காதீர்கள், கத்துங்கள், ஃபேனைப் போடுங்கள், 108-க்கும் 101-க்கும் சொல்லுங்கள். சொல்வது கல்நெஞ்சு மாதிரி இருக்கும். அவர்கள் மொழியிலேயே, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மண் வேலை உங்களுக்குக் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். நெஞ்சு வரை புதைந்தாலே, தலை வெளியே இருந்தாலும், மூச்சு விட முடியாது. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, ஆளுயர ஆழத்துக்குப் போனால் பக்கத்தைச் சரிவாக வெட்டுங்கள், இல்லை முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள், மழை பெய்த மறுநாள் யாரையும் பார்க்காமல் இறக்காதீர்கள். ஆள் புதைந்தால் ஜேசிபி வாளியை அவர் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மின்சாரத்தில் இரண்டு பழக்கத்தை ஒழித்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, பிளக் இல்லாமல் ஒயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவது. எல்லா மெஷினுக்கும் பிளக் வாங்கிக் கொடுங்கள், தற்காலிகப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள், வாரம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை ஒருவர் அழுத்திப் பார்க்கட்டும். இன்னொன்று, நீளக் கம்பியையும் சாரப் பைப்பையும் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஹெச்டி லைனுக்கு (உயர் அழுத்த மின்கம்பிக்கு) கீழே நடப்பது. லைன் எங்கே போகிறது என்று முதல் நாளே ஒவ்வொருவரையும் அழைத்துப் போய் அண்ணாந்து பார்க்க வையுங்கள்.

ஓடும் தொழிற்சாலைக்குள் வேலை செய்வதால் கட்டட ஆட்களுக்குத் தெரியாத ஆபத்துகளும் சேர்ந்துகொள்கின்றன. தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஈஓடி கிரேன் (மின்சாரக் கூரைக் கிரேன்) ஓடும். அந்தத் தண்டவாள உயரத்தில் உங்கள் ஆள் வெல்டிங் செய்துகொண்டிருப்பது கிரேன் ஓட்டுபவருக்குத் தெரியாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டுவது செல்லாது. அணைத்த பிறகும் காற்றுக் குழாயிலும் ஹைட்ராலிக்கிலும் அழுத்தம் இருக்கும். காலி டிரம் என்று சொல்லி தின்னர் டிரம்மைக் கட்டிங் டார்ச்சால் வெட்டப் போவார்கள். காலி டிரம்மில்தான் ஆவி நிறைந்திருக்கும், வெடிக்கும். வெல்டிங் முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். இவற்றைக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் ஆட்களே வந்து உங்கள் மேஸ்திரிகளுக்குக் காட்டட்டும். பயிற்சி ரெக்கார்ட் கேட்கிறார்கள் அல்லவா, நீங்களும் திருப்பிக் கேட்கலாம்.

உடனே கொல்லாதவற்றையும் விட்டுவிடாதீர்கள். ஈர சிமென்ட் கடும் காரம். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கான்கிரீட்டில் நிற்கும் பெண்களின் கால் புண் சாதாரணச் சேற்றுப்புண் அல்ல. அளவுக்கேற்ற பூட்ஸ் வாங்குங்கள், ஆண்கள் அளவிலேயே எல்லாம் வாங்கி வைத்தால் அவர்கள் போட மாட்டார்கள். வெப்ப அலையைத் தமிழக அரசே 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ஆளை மறுநாளே மொட்டை வெயிலில் கான்கிரீட் சுமக்க விடாதீர்கள். முதல் சில நாள் பாதி வேலை, பிறகு படிப்படியாக.

புதியவர்கள் விஷயத்தை ரயிலோடு முடிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் காயம்படும் வாய்ப்பு, ஒரு வருஷம் தாண்டியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் என்று கனடாவில் டொரொண்டோ ஆய்வு நிறுவனம் ஒன்று கண்டிருக்கிறது. உங்கள் ஆட்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் பயிற்சியில் உட்கார்ந்த 80 பேரில் மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரே நாள் பயிற்சி பற்றி எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் இதுதான். புதிதாக வருபவருக்குத் தனி நிறத்தில் ஹெல்மெட் கொடுத்து, முதல் இரண்டு வாரம் பழைய ஆள் ஒருவருடன் சேர்த்து விடுங்கள். கூரைக்கும் சம்ப்புக்கும் அவரை அனுப்பக் கூடாது.

மொழிக்கு வருவோம். தமிழில் மைக் பிடித்துப் பேசிவிட்டு, நடுவில் நாலு இந்தி வார்த்தை போடுவது பயிற்சி ஆகாது. ஒடிசாக்காரருக்கு இந்தி ஓரளவுக்குத்தான் வரும். ஒவ்வொரு ஊர்க் குழுவிலும் எல்லாரும் மதிக்கும் ஒருவர் இருப்பார், அவரை மேஸ்திரிகளோடு சேர்த்துப் பயிற்றுவித்து, அவரே தன் ஆட்களுக்குச் சொல்லட்டும். அவருக்கு அதற்காகக் கொஞ்சம் கூடுதல் கூலி கொடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம், 80 பேரை ஒன்றாக நிறுத்தாமல், அந்தந்தக் குழுவை அது வேலை செய்யப்போகும் இடத்திலேயே நிறுத்தி மேஸ்திரி பேசட்டும். இன்றைக்கு என்ன வேலை, எதில் ஆள் சாகலாம், அதற்கு என்ன செய்திருக்கிறோம், இவ்வளவுதான். நேற்று நூலிழையில் தப்பியது ஏதாவது உண்டா என்று கேட்கட்டும். சொன்னவரைத் திட்டினால் அடுத்த நாளிலிருந்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இத்தனை நாள் விபத்தே இல்லை என்று போர்டு வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. விபத்து குறைகிறதோ இல்லையோ, காயத்தை மறைத்து மெடிக்கல் ஷாப்பில் கட்டுப் போட்டுக்கொள்வது நிச்சயம் கூடும்.

வெளியாள் வேண்டுமா என்றால், சிலவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். முதலுதவியும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பதும், பெல்ட்டில் தொங்குபவரை இறக்குவது, சாரம் கட்டுவது, கிரேன் தூக்கும் சுமைக்குச் சிலிங் (தூக்கும் பட்டை) மாட்டிக் கைச்சைகை காட்டுவது: இவை தெரிந்தவரிடம்தான் பழக வேண்டும். அதுவும் 80 பேருக்கு வேண்டாம், அந்த வேலை செய்யும் நாலைந்து பேருக்குப் போதும். அப்படி வருபவர் ஸ்லைடு மட்டும் கொண்டுவருகிறாரா, கயிறும் பெல்ட்டும் பொம்மையும் கொண்டுவருகிறாரா என்று பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ரெக்கார்ட். கம்பெனி கேட்கும் வடிவத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அதில் சண்டை போட வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வையுங்கள். ஆளின் பெயர், சேர்ந்த தேதி, ஊர், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற எண், கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவு உண்டா இல்லையா. அதற்குப் பக்கத்தில், கலந்துகொண்டார் என்று எழுதாமல், என்ன செய்து காட்டினார் என்று எழுதுங்கள்: பெல்ட் சரியாக மாட்டினார், சொந்தப் பூட்டுப் போட்டார், ஏணிப்பலகையில் நடந்தார். யார் முன்னால் செய்தார் என்று மேஸ்திரி கையெழுத்துப் போடட்டும். செய்யத் தெரியாதவர் பெயருக்கு நேரே அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்று எழுதி, அதை மேஸ்திரியிடம் படித்துக் காட்டுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் தொழிற்சாலையின் முழு முகவரி, ஆம்புலன்ஸ் எந்த கேட்டில் வர வேண்டும், இரவில் அந்த கேட் சாவி யாரிடம் என்று பெரிய எழுத்தில் எழுதி, அதையே இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஷெட் வாசலில் ஒட்டிவிடுங்கள்.